கூடைப்பந்து வீரர் பீற் மரவிச்
ஒரு தந்தையின் கனவும் ஒரு மகனின் இருதயமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம் குடும்பங்களுக்குக் கூடைப்பந்தாட்டம் அந்நியமான விளையாட்டன்று. கிரிக்கெற்றும் உதைபந்தும் கடற்படைக் கப்பல்களோடு இங்கே வந்திறங்கின என்றால், கூடைப்பந்து நம்மிடையே வளர்ந்தது வெண்ணிற அங்கி தரித்த யேசு சபைக் குருக்களின் கைகளிலேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள லூசியானாப் பகுதியிலிருந்து யேசு சபையினர் பலர் நம் மறைமாவட்டத்திற்கு வந்து சேர்ந்தனர். மட்டக்களப்பின் வெபர் மைதானம் அவர்களுள் ஒருவருடைய பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. 1923இல் லூசியானாவின் ஜெனிங்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்து, 1948இல் இலங்கை வந்த யூஜின் ஹேபியர் அடிகளார் நமது புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பிலும் மாணவரைக் கூடைப்பந்தில் பயிற்றுவித்தவர். அங்கியின் கீழ்ப்பகுதியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் நின்று பயிற்சி கொடுக்கும் குருக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. ஹேபியர் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். அவரும் அவரோடு சென்ற தமிழ் இளைஞரும் வீடு வந்து சேரவேயில்லை.

அவர் விட்டு வந்த அதே லூசியானாவில், அவர் பிறந்த ஊருக்குக் கிழக்கேயுள்ள பேற்றன் ரூஜ் நகரில், உலகமே வியந்து பார்த்த கூடைப்பந்து வீரர் ஒருவர் ஆடினார். பீற் மரவிச் என்பது அவர் பெயர். நம் இளைஞர்களுள் பலர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். வாழ்க்கையை அறிந்தவர் சிலரே. பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய வாழ்க்கை அது என்பதால் இவ்வாரம் அதனை எழுதத் துணிந்தோம்.

பீற்றின் கதையை அவருடைய தகப்பனாரிலிருந்தே தொடங்க வேண்டும். அவரை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்ல முடியாது. பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகுவிப்பா என்னும் உருக்காலைப் பட்டினத்தில், குடியேறிய சேர்பியத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர் பிரெஸ் மரவிச். சிறுவயதிலேயே தகப்பனை விபத்தொன்றில் இழந்தவர். தெருவில் 'பிற்ஸ்பேர்க் பிரெஸ்' என்ற பத்திரிகையைக் கூவி விற்றதால் 'பிரெஸ்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. போர்க்காலத்தில் கடற்படை விமானியாகப் பசிபிக் சமுத்திரத்தில் பணியாற்றினார். சீனன்குடா ஓடுபாதையின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது எத்தகைய வேலையென்று தெரியும். போர் முடிந்ததும் பிற்ஸ்பேர்க் அணியில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடினார். 1946-47இல் ஒரேயொரு பருவம். பெயரும் புகழும் கிட்டும் முன்னரே ஆடும் காலம் முடிந்துவிட்டது. போரிற் கணவனை இழந்து, ஓர் ஆண் குழந்தையோடு இருந்த ஹெலன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். 1947 யூன் 22ஆம் திகதி பீற் பிறந்தான்.

தான் எட்டாத உயரத்தை இந்த மகன் எட்டுவான் என்று தகப்பன் தீர்மானித்துக்கொண்டார். மகனை வற்புறுத்தவில்லை, அதைவிடச் சாதுரியமான வழியொன்றைக் கைக்கொண்டார். வீட்டு முற்றத்தில் தானே தனியாகப் பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார். மகன் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டும் காணாதவர் போல் இருப்பார். பையனுக்குப் பொறுக்கவில்லை; தனக்கும் பந்து வேண்டும் என்றான். அன்று பிடித்த பந்தை அவன் கீழே வைக்கவேயில்லை என்று சொல்லிவிடலாம்.

தென் கரோலினாவில் கிளெம்சன் கல்லூரிக்குத் தகப்பன் பயிற்றுநராகப் போனபோது, அந்தச் சிற்றூரே பையனின் பயிற்சிக்கூடமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் பந்தைத் தட்டிக்கொண்டே நடப்பான். சைக்கிளில் ஏறினால் ஒரு கையில் பந்து. தகப்பன் காரோட்ட, மகன் கதவின் ஓரமாகச் சாய்ந்து வெளியே கையை நீட்டித் தெருவில் பந்தைத் தட்டிக்கொண்டே போவான். தகப்பன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதிப்பார். படமாளிகையில் நடைபாதை ஓரத்து இருக்கையைத் தேடிப்பிடித்து, படம் முடியும்வரை அங்கேயும் தட்டுவான். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவான். தண்டவாளத்தின் மேலே தட்டிப் பழகுவான். படுக்கையில் மல்லாந்து கிடந்து, தூக்கம் வரும்வரை பந்தைக் கூரையை நோக்கி எறிந்து பிடிப்பான். பிறகு அதை அணைத்தபடியே தூங்கிப்போவான். தகப்பன் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார். பாடசாலைப் பாடத்தைவிட இந்தப் பாடமே வீட்டில் பெரிதாக இருந்தது.

சிறிய உடம்புக்குப் பந்து பாரமானது. தலைக்கு மேலே தூக்கி எறிய வலுவில்லாமல் இடுப்பருகிலிருந்தே, உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவிச் சுடுபவனைப் போல எறிவான். 'பிஸ்ரல்' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. பழைய, நெகிழ்ந்து தொங்கும் சாம்பல் நிறக் காலுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டான். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான டொலர் சம்பாதித்தபோதும், தொங்கும் காலுறையோடுதான் களத்தில் இறங்கினான். அமெரிக்கச் சிறுவர்களெல்லாம் அதைப் பார்த்துத் தங்கள் காலுறைகளையும் இழுத்துத் தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தகப்பனும் மகனும் ஒரே காரியத்தில் இப்படி ஒன்றிப்போவது பார்ப்பதற்கு அழகானதுதான். நாள் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே கூரையின்கீழ் வாழும் தகப்பன்மாரும் மகன்மாரும் நம் பங்குகளில் இல்லையா? ஆனால் பந்தைத் தவிர வேறெதையும் பேசத் தெரியாத வீட்டில், தாயின் இடம் எது என்ற கேள்வி எழுகிறது. அந்த வீட்டின் தாய் மெல்ல மெல்ல மதுவுக்கு அடிமையானாள். பயிற்றுநரின் வேலைக்காக ஊர் ஊராகப் பெயர்ந்த குடும்பம். வெற்றி தோல்வியே வீட்டின் வானிலை. மகனும் சிறுவயதிலேயே மது அருந்தப் பழகிவிட்டான்.

1966இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பிரெஸ் மரவிச்சைப் பயிற்றுநராக அழைத்தது. மகனும் கூடவே வருவான் என்ற எதிர்பார்ப்போடுதான் அழைத்தது. பீற்றுக்கோ மேற்கு வேர்ஜினியாவில் படிக்க ஆசை. தகப்பன் விடவில்லை. அப்பல்கலைக்கழகத்தில் சேராவிட்டால் வீட்டுப் பக்கமே வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகன் கையொப்பமிட்டான்.

அக்காலச் சட்டப்படி முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆட முடியாது. அவர்களுக்கென ஒரு தனி அணி. பீற் ஆடிய அந்தத் தனி அணியின் ஆட்டத்தைப் பார்க்கச் சனம் திரண்டு வந்து, அது முடிந்ததும் பிரதான அணியின் ஆட்டத்துக்கு நில்லாமல் எழுந்து போய்விடுவதாயிற்று. மாட்டுக் கண்காட்சியும் குதிரை விளையாட்டும் நடத்துவதற்குக் கட்டிய மண்டபத்தில்தான் அங்கே கூடைப்பந்து ஆடினார்கள். உதைபந்தைத் தவிர வேறு விளையாட்டை மதியாத ஊர் அது. அவர்களுடைய உதைபந்து கையாலும் ஆடும் அமெரிக்க உதைபந்து என்பது வேறு கதை.

1967 முதல் 1970 வரை மூன்று பருவங்களில் 83 ஆட்டங்கள். அவற்றில் அவர் கூடையிற் போட்ட பந்துகள் 1,387. தண்ட எறிகளாற் பெற்றவை 893. மொத்தப் புள்ளிகள் 3,667. ஆட்டத்துக்குச் சராசரி 44.2. நம் பாடசாலைப் போட்டிகளில் ஓர் அணி முழுவதும் சேர்ந்து 44 புள்ளி பெற்றாலே நல்ல ஆட்டம் என்று கைதட்டுவோம் அல்லவா? இவர் தனியொருவராக, ஒவ்வொரு இரவும், மூன்று ஆண்டுகள் பெற்றார். தொலைவிலிருந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி என்ற விதி அமெரிக்கக் கல்லூரிகளில் 1986இல்தான் எங்கும் பொதுவாயிற்று. அவர் எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான்.

அவர் ஆடிய இடம் 'கார்ட்' என்று சொல்லப்படும் பின்வரிசை. பந்தைக் கொண்டுசென்று, யாருக்கு எப்போது கொடுப்பதென்று முடிவுசெய்து, ஆட்டத்தை நடத்துபவர் அவரே. முதுகுக்குப் பின்னால், கால்களுக்கிடையே, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் பந்தைக் கொடுப்பார். சில வேளை சொந்த அணித் தோழரே எதிர்பாராமல் பந்தை முகத்தில் வாங்கிக்கொண்டதுமுண்டு. ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. ஆட்டத்துக்கு 38 தடவை அவர் கூடையை நோக்கி எறிந்தார். எறியும்படி தகப்பனே பணித்தார். அணியோ முதலிரு பருவங்களிலும் வென்றதும் தோற்றதும் ஏறக்குறையச் சமம். 1970 பெப்ரவரி 7ஆம் திகதி அலபாமாவுக்கு எதிராக அவர் 69 புள்ளி பெற்ற ஆட்டத்திலும் அவருடைய அணி 104க்கு 106 எனத் தோற்றது. தேசியக் கல்லூரிச் சுற்றுப்போட்டியின் வாசலைக்கூட அவர் ஒருபோதும் மிதிக்கவில்லை.

1970இல் அற்லாந்தா ஹோக்ஸ் என்ற தொழில்முறை அணி ஏறக்குறைய 19 இலட்சம் டொலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. மைதானத்தில் இன்னும் வியர்வை சிந்தாத வெள்ளை இளைஞனுக்கு இவ்வளவு. ஆண்டுக்கணக்காக அந்த அணியைச் சுமந்த கறுப்பின வீரர்களுக்கு அதிற் சிறிதளவே. அவர்கள் மனம் நொந்ததில் நியாயமிருந்தது. இளைஞன் கேட்ட தொகையல்ல அது, கொடுத்தவர்கள் கொடுத்தது. என்றாலும் குரோதம் முழுவதும் அவர் தலையிலேயே விடிந்தது. நான்கு வருடம் அங்கே ஆடினார். நோயில் விழுந்தார், முகத்தின் ஒரு பக்கம் சிலகாலம் செயலிழந்தது, குடித்ததற்காக அணியிலிருந்து தற்காலிகமாக நிறுத்தியும் வைத்தார்கள். புள்ளிகள் மட்டும் குறையவில்லை.

1974இல் புதிதாகத் தோன்றிய நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் அணி அவரை லூசியானாவுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது. மகன் வீடு திரும்பிய அந்த முதற் பருவம் தொடங்கிய ஒக்ரோபர் மாதத்திலேயே அவருடைய தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். இதைப்பற்றி அதிகம் எழுத மனம் இடங்கொடுக்கவில்லை. அரங்கு நிறைந்த கைதட்டலுக்குள்ளே வாழ்ந்த மகனும் சரி, ஆட்டமே கதியென்றிருந்த கணவனும் சரி, பல்லாண்டுகளாக வீட்டுக்குள் தேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆன்மாவைத் தடுத்து நிறுத்த இயலாதவர்களாயினர்.

அவருடைய ஆட்டத்தின் உச்சம் 1976-77ஆம் பருவம். ஆட்டத்துக்கு 31.1 புள்ளி எடுத்து நாடு முழுவதிலும் முதலாவதாக நின்றார். 1977 பெப்ரவரி 25ஆம் திகதி நியூயோர்க் நிக்ஸ் அணி நியூ ஓர்லியன்ஸுக்கு வந்தது. எதிராளியை மறித்து ஆடுவதில் அக்காலத்தில் பேர்போன வோல்ற் பிரேசியர் அவ்வணியில் இருந்தார். அன்றிரவு பீற் 43 தடவை எறிந்து 26 பந்துகளைக் கூடையிற் போட்டார்; தண்ட எறிகள் இருபதில் பதினாறு. மொத்தம் 68 புள்ளி. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே இருக்கையில், தவறுகளின் எண்ணிக்கை ஆறாகிவிட்டதென்று நடுவர் அவரை வெளியே அனுப்பினார். இல்லாவிட்டால் எழுபதையும் தாண்டியிருப்பார். இம்முறை அணியும் வென்றது, 124க்கு 107. பின்வரிசை வீரரொருவர் அந்நாள்வரை தொழில்முறை ஆட்டமொன்றில் அவ்வளவு புள்ளி பெற்றதில்லை.

அடுத்த வருடம் ஜனவரியில் கால்களுக்கிடையே நீண்ட பந்தொன்றை எறிந்துவிட்டுத் தரையில் இறங்கியபோது முழங்கால் முறுகிப்போயிற்று. அந்தக் கால் பிறகு பழைய கால் ஆகவில்லை. 1979இல் அணியை யூற்றா மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரும்பாலும் உட்கார வைத்தார்கள். 1980 ஜனவரியில் விடுவித்தார்கள். பொஸ்ரன் செல்ரிக்ஸ் சேர்த்துக்கொண்டது. வெற்றிக் கிண்ணம் ஒன்றையாவது தொட வேண்டும் என்பதே அப்போது அவருக்கிருந்த ஒரே ஆசை. அவ்வருடம் அரையிறுதிக்கு நிகரான கட்டத்தில் அணி தோற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில், புதிய பருவம் தொடங்குமுன் ஆட்டத்தை விட்டு விலகினார். அவர் விலகிய அந்தப் பருவத்தில்தான், 1981இல், பொஸ்ரன் கிண்ணத்தை வென்றது. பத்து வருடம், 658 ஆட்டம், 15,948 புள்ளி, கிண்ணம் இல்லை.

முப்பத்துமூன்று வயதில் வேலையில்லாத மனிதர். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு பொம்மையைக் கொடுத்து, முப்பது வயதில் அதைப் பறித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? பந்துகளையும் பரிசுகளையும் கண்ணிற் படாமல் அகற்றிவிட்டு, மனைவியோடும் பிள்ளையோடும் வீட்டுக்குள் ஒடுங்கினார். தேடாத இடமில்லை. யோகாசனம் பழகினார், இந்து சமய நூல்களைப் புரட்டினார், மாமிசம் விட்டார், நாட்கணக்கில் உபவாசமிருந்தார், சோதிடம் பார்த்தார், பறக்கும் தட்டுகளில் வேற்றுலகத்தார் வந்து தம்மை அழைத்துச் செல்லக்கூடும் என்றுகூட நம்பிக் காத்திருந்தார். சிரிப்பதற்குரியதன்று இது.

1982 நவம்பரில் ஓரிரவு தூக்கம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் செய்த பிழைகள் ஒவ்வொன்றாக வந்து முன்னே நின்றன. விடியும் வேளையில் கட்டிலருகே முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து குடியை விட்டார். அவர் சேர்ந்துகொண்டது நமது திருச்சபையன்று. ஆயினும் மனந்திரும்பிய மனிதனைக் கண்டால் எந்தச் சபையென்று முதலிற் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். ஊர் ஊராகப் போய், சிறைகளிலும் பாடசாலைகளிலும் தம் கதையைச் சொன்னார். சிறுவர்களுக்குக் கோடைகால முகாம் நடத்தி, தகப்பனிடம் கற்ற அதே பயிற்சிகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தமது இரு ஆண் குழந்தைகளிடம் மட்டும் பந்தைத் திணிக்கவில்லை.

தகப்பனும் பேரப்பிள்ளைகளின் காலத்தில் மகனைப் பின்பற்றி மனந்திரும்பினார். வாழ்நாளெல்லாம் தகப்பன் முன்னே நடக்க மகன் பின்னே ஓடினான். கடைசியில் மகன் முன்னே நடந்தான். பிரெஸ் மரவிச்சைப் புற்றுநோய் பற்றியபோது, இரவும் பகலும் பக்கத்திலிருந்து பராமரித்தவர் பீற்தான். 1987 ஏப்ரலில் தகப்பன் கண்மூடினார். மூன்று வாரங் கழித்து, கூடைப்பந்து விளையாட்டின் புகழ்மண்டபத்தில் மகனின் பெயர் பொறிக்கப்பட்டது. அந்த ஒரு நாளைக் காண்பதற்காகவே வாழ்ந்த மனிதர் அங்கே இல்லை.

1988 ஜனவரி 5ஆம் திகதி காலை. கலிபோர்னியாவில் பசடீனா என்னும் நகரம். கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேச வந்திருந்த பீற், நிகழ்ச்சிக்காரர்களோடு அங்குள்ள ஆலயமொன்றின் விளையாட்டு மண்டபத்தில் சும்மா பொழுதுபோக்காகப் பந்தாடினார். நெடுநாளாக ஆடாதவர். இடைவேளையில் ஒருவர் சுகம் விசாரிக்க, நன்றாக இருப்பதாகச் சொன்னார். மறுகணம் சாய்ந்து விழுந்தார். வயது நாற்பது.

1974இல் பத்திரிகையாளர் ஒருவரிடம், பத்து வருடம் தொழில்முறை ஆட்டம் ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பால் செத்துப்போக விருப்பமில்லை என்று அவர் சொல்லியிருந்ததைப் பிற்பாடு பலரும் நினைவுகூர்ந்தனர். அப்படியே நடந்துவிட்டது. இதில் சோதிடம் எதுவுமில்லை. ஆடிக் களைத்த ஒருவர் அலுப்பில் சொன்ன வார்த்தை அது.

வைத்தியர்கள் உடலைப் பரிசோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இருதயத்துக்கு இரத்தம் கொடுக்க எல்லோருக்கும் இடமும் வலமுமாக இரு நாடிகள் உண்டு. இவருக்கு இடப்பக்க நாடி பிறவியிலேயே இல்லை. வலப்பக்க நாடியொன்றே பருத்து வளர்ந்து, முழு இருதயத்தின் வேலையையும் நாற்பது ஆண்டுகள் தனியே செய்திருக்கிறது. இப்படிப் பிறப்பவர்கள் இருபது வயதைத் தாண்டுவதே அரிது. ஓடி விளையாடுவது அதனினும் அரிது. தகப்பன் காரை வேகமாக ஓட்டிய ஒவ்வொரு முறையும், கதவோரம் சாய்ந்து பந்தைத் தட்டிய அந்தப் பையனின் நெஞ்சுக்குள் பாதி இருதயத்துக்கே வழி இருந்தது. தகப்பனுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது, அவரைப் பரிசோதித்த அணி வைத்தியர்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே பந்தைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். அவரை நாமும் அறிந்திருக்கமாட்டோம்.

அவருடைய ஆட்டத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தின் காரணமாகவே பேற்றன் ரூஜில் பெரிய விளையாட்டரங்கொன்று எழுந்தது. அது திறக்கப்பட்டது 1972இல். அவர் படித்து வெளியேறி இரண்டு வருடங்கழித்து. அவர் இறந்த ஆண்டில் அந்த அரங்கிற்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். 1996இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் ஐம்பது மாபெரும் வீரர்களின் பட்டியல் வெளியானபோது, அதில் உயிரோடில்லாத ஒரேயொருவர் அவரே.

3,667 என்ற எண்ணை 53 வருடம் எந்த ஆடவரும் மகளிரும் பிரதான கல்லூரிப் பிரிவில் தாண்டவில்லை என்று எழுதலாமென்றால், மகளிர் பிரிவின் பழைய கணக்குகளை வைத்து வழக்காடுவோர் உண்டு. ஆகையால் ஆடவரோடு நிறுத்திக்கொள்வோம். 2023இல் டெற்றொயிற் பல்கலைக்கழக வீரர் அன்ரொயின் டேவிஸ் 3,664 வரை வந்து, மூன்று புள்ளி குறைவில் நின்றுவிட்டார். அதற்கு அவருக்கு ஐந்து பருவங்களும் 144 ஆட்டங்களும் தேவைப்பட்டன. 2024 மார்ச் மாதம் அயோவாவின் கெயிற்லின் கிளார்க் என்ற மாணவி அந்த எண்ணைக் கடந்தார். அவர் பெரும்பாலும் நெடுந்தொலைவிலிருந்து எறிபவர், மூன்று புள்ளிக் கோட்டுக்கும் அப்பாலிருந்து. பீற் மரவிச் எறிந்து பழகிய இடமும் அதுவே. அவர் காலத்தில் அங்கே கோடு எதுவும் வரையப்பட்டிருக்கவில்லை.

பேற்றன் ரூஜ் நகரத்துச் சேமக்காலையில் மகன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தகப்பனின் மரணத்துக்கும் மகனின் மரணத்துக்கும் இடையே ஒன்பது மாதங்கூட நிறையவில்லை.